43 வயசுல, வீட்டுக்குள்ளேயே ஆடக் கத்துக்கலாமா?

கேள்வி, தொண்டியிலிருந்து, ஏப்ரல் 20

வயசு 43. பிள்ளைங்க ரெண்டும் காலேஜ்ல. பகல் முழுக்க கணக்கு வேலை. வீட்டுக்கு வந்தா தலை கனம், படுத்தா தூக்கம் வரலை. சின்னதுலேர்ந்து ஆடணும்னு ஆசை, யாரும் சேர்த்துவிடலை. கதவைச் சாத்திக்கிட்டு போன் பார்த்து ஆடிப் பழகலாம்னு நினைச்சேன். "குரு இல்லாம ஆடினா முட்டிதான் போகும், அது ஆட்டமும் இல்லை"ன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்லிட்டார். நெசமா?

ஏப்ரல் 21, ராத்திரி

பாதி நெசம்.

பரதம் கத்துக்கணும்னா அவர் சொன்னது சரி. முட்டியை விரிச்சு மடக்கி அரைமண்டியில உட்கார்றப்ப தொடை இடுப்புலேர்ந்தே வெளிப்பக்கம் திரும்பணும். பாதம் எந்தத் திசையில இருக்கோ முட்டியும் அந்தத் திசையில இருக்கணும். இடுப்பு திரும்பாம பாதத்தை மட்டும் விரிச்சு வச்சு உட்கார்ந்தா முட்டி உள்ளுக்குள்ள முறுக்கிக்கும். அது நமக்கே தெரியாது, எதிர்ல நிக்கிற ஆள் பார்த்துச் சொன்னாத்தான் உண்டு. காலைத் தட்டிப் பழகுற தட்டடவை மூணு காலத்துலயும், அதாவது மூணு வேகத்துலயும், தப்பாவே தட்டிப் பழகிட்டா, அப்புறம் அதை மாத்துறது பெரும்பாடு. அதுக்கு ஆசிரியர் வேணும்.

ஆனா நீங்க கேட்டது அரங்கேற்றத்துக்கு இல்லையே. மனசு லேசாகணும்னு கேட்டீங்க. அதுக்கு ஒரு சாண் இடம் போதும். நான் ராமேசுவரம் பக்கம் மண்டபம்ங்கிற ஊர்ல இருக்கேன், வயசு 47. மூணு வருஷமா வீட்டுக்குள்ள ஆடுறேன். யாரும் சொல்லித் தரலை. முட்டி நல்லாருக்கு.

ஒண்ணே ஒண்ணு. முதல் நாளே போனைத் திறக்காதீங்க. உங்க உடம்புக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஆட்டம் ஒண்ணு இருக்கும், அதுலேர்ந்து தொடங்குங்க. நான் கும்மியில தொடங்கினேன்.

ஏப்ரல் 21, செத்த நேரம் கழிச்சு

தரையைச் சொல்ல மறந்துட்டேன். தொண்டியும் கடலோரம்தான், உங்களுக்கே தெரியும். பொழுது சாஞ்சா உப்புக்காத்துல தரை பிசுபிசுன்னு ஆயிரும். வழவழப்பான டைல்ஸ்னா இன்னும் மோசம். ஆடுறதுக்கு முன்னாடி காஞ்ச துணியால ஒருதரம் துடைச்சிருங்க. கோரைப்பாய் விரிச்சு ஆடாதீங்க, பாய் நகரும், நீங்களும் கூடவே போவீங்க. சாக்ஸும் வேணாம். வெறுங்கால்தான்.

சிமென்ட் தரையில ஓங்கி மிதிக்கக் கூடாது. மரத்தளம் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. மிதிச்ச அடி அப்படியே குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் திரும்பி வரும். முன்பாதம் முதல்ல படணும், குதிகால் அது பின்னாடி மெதுவா இறங்கணும்.

ஏப்ரல் 24

கும்மின்னதும் "அது கிழவிங்க ஆடுறது"ன்னு உங்க மக சிரிச்சதா எழுதியிருக்கீங்க. அவளையும் கூட நிக்கச் சொல்லுங்க, பத்து சுத்து சுத்தட்டும்.

நான் பிறந்தது உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துல ஒரு ஊரு. எங்க பக்கம் முளைக்கொட்டுன்னா என்னன்னு சொல்லவே வேணாம். ஓட்டுல வைக்கோலும் எருவும் போட்டு நவதானியத்தை விதைச்சு, வெயில் படாத வீட்டுல வச்சு, தண்ணி தெளிச்சு வளர்ப்பாங்க. பயிர் வெளிர்மஞ்சளா நெட்டுக்கு எழும்பி நிக்கும். அது வளர்ற நாள் பூரா ராத்திரிக்கு ராத்திரி பொம்பளைங்க சேர்ந்து கும்மி கொட்டுவாங்க. கடைசி நாள் தலையில தூக்கிட்டுப் போயி கண்மாயில கரைப்பாங்க. எனக்கு அஞ்சு வயசு இருக்கும், எங்க அப்பத்தா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே சுத்தியிருக்கேன். யாரும் "இப்படி வையி, அப்படி வையி"ன்னு சொல்லலை. முன்னாடி போற கால் எங்க விழுதோ அங்க நம்ம கால் விழும், அவ்வளவுதான் பாடம்.

வீட்டுல தனியா ஆடுறதுக்கு இப்படி வச்சுக்கோங்க. வலது கால் ஒரு எட்டு, இடது கால் வந்து சேரும், லேசாக் குனிஞ்சு ஒரு தட்டு. மறுபடி ஒரு எட்டு, சேரும், நிமிர்ந்து ஒரு தட்டு. குனியிறது இடுப்புலேர்ந்து, முதுகை வில்லா வளைக்க வேணாம். இது கையில வந்ததும் ரெண்டு தட்டு, அப்புறம் மூணு தட்டு. நடுவுல ஒரு செம்போ விளக்கோ வச்சுக்கோங்க, சுத்துறதுக்கு ஒரு நடு வேணும். நடு இல்லாம தனியாச் சுத்தினா கிறுகிறுன்னு வரும். அஞ்சு சுத்துக்கு ஒருதரம் எதிர்ப்பக்கமாத் திரும்பிருங்க.

பாட்டு தெரியலைன்னா எண்ணிக்கிட்டே ஆடுங்க. எனக்கு அப்பத்தா பாடினதுல பாதிதான் ஞாபகம் இருக்கு. மீதியை என் வாய்க்கு வந்தபடி பாடிக்கிறேன். மீன் விலை, கரண்டு போனது, எல்லாம் அதுல வந்துரும்.

ஏப்ரல் 29

கீழக்கரையிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், போன் பார்த்து ஆடுறப்ப வலது எது இடது எதுன்னு குழம்புதாம். எல்லாருக்கும் குழம்பும்.

சொல்லித் தர்றவர் நம்மளைப் பார்த்து நின்னா கண்ணாடி மாதிரி நினைச்சுக்கணும். திரையில எந்தப் பக்கம் கை தூக்குதோ, நாமளும் அந்தப் பக்கக் கையைத் தூக்கணும். "இது அவரோட இடது, அப்ப எனக்கு..."ன்னு யோசிக்கத் தொடங்கினா பாட்டு முடிஞ்சிரும். முதுகைக் காட்டி நிக்கிற வீடியோன்னா இன்னும் சுலபம், அவர் வலது நம்ம வலதுதான். நான் முதுகு காட்டுற வீடியோவாத்தான் தேடி எடுப்பேன்.

யூடியூப்ல வேகத்தைக் குறைக்கலாம். 0.5ல கால் மட்டும், கை வேணாம். கால் தானா ஓடத் தொடங்கினதும் கையைச் சேர்த்து 0.75. அப்புறம் முழு வேகம். சினிமா ஆட்டமெல்லாம் எட்டு எட்டு எண்ணிக்கையாத்தான் வெட்டி வச்சிருப்பாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு எட்டுக்கு மேல எடுக்காதீங்க. மறுநாள் அந்த ரெண்டையும் ஆடிட்டுத்தான் மூணாவது.

பீரோ கண்ணாடி முன்னாடி ஆடலாமான்னும் கேட்டார். நான் முதல் மாசம் பூரா கண்ணாடியைத் துணி போட்டு மூடி வச்சிருந்தேன். கண்ணாடி இருந்தா உடம்பைப் பார்ப்போம். ஆட்டம் விட்டுப்போயிரும்.

இன்னிக்கு உலக நடன நாள். 1982லேர்ந்து கொண்டாடுறாங்க. நல்ல நாள் பார்த்துத்தான் கேட்டிருக்கார் தம்பி.

மே 3

"உங்களுக்கு என்ன கவலை, எதுக்கு ஆடத் தொடங்கினீங்க"ன்னு தொண்டியிலேர்ந்து கேட்டீங்க. நேத்தே எழுத உட்கார்ந்தேன், வரலை.

எங்க வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர். எங்க பக்கம் விசைப்படகுக்கு திங்கள், புதன், சனி. மத்த நாள் நாட்டுப்படகுக்காரங்களுக்கு. காலையில டோக்கன் வாங்கிட்டுப் போனா மறுநாள் காலையிலதான் கரை. அப்ப வாரத்துல மூணு ராத்திரி எனக்குத் தூக்கம் கிடையாது. கல்யாணம் ஆகி 26 வருஷம், பழகிரும்னு சொன்னாங்க, பழகலை. காத்து கொஞ்சம் மாறி அடிச்சா எந்திரிச்சு உட்கார்ந்துருவேன். போன்ல யாராவது எதாவது போட்டிருக்காங்களான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். பார்க்கப் பார்க்க நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை, ராத்திரி ஒண்ணரை மணி. படுக்கவும் முடியலை, உட்காரவும் முடியலை. எந்திரிச்சு நடந்தேன். நடை ஒரு கட்டத்துல கும்மிக் காலா மாறிப்போச்சு. நானா யோசிச்சு ஆடலை. சோத்துப்பானை பக்கத்துல நீராகாரச் செம்பு இருந்துச்சு, அதைச் சுத்தித்தான் வந்தேன். எத்தனை சுத்துன்னு தெரியாது. வேர்த்துக் கொட்டினப்புறம் செம்பை எடுத்துக் குடிச்சிட்டுப் படுத்தேன். கண்ணு அசந்துருச்சு.

ஆனா கை தட்டலை. பாடலை. அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

எங்க அயித்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இப்ப எழுவது ஆகுது. 1964 புயல் அடிச்சப்ப ஒன்பது வயசு. டிசம்பர் 22 ராத்திரி. தனுஷ்கோடிப் பக்கம் வேலையா இருந்த அவுக மூத்த அண்ணன் திரும்பி வரலை. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல பிள்ளைங்க எல்லாம் பாட்டுப் பாடி விளையாடிக்கிட்டு இருந்தாங்களாம். அந்த ஞாபகம் அவுகளை விடலை. கடல்ல ஆளு இருக்கையில வீட்டுல பாட்டும் கூடாது, ஆட்டமும் கூடாது. கல்யாணம் ஆகி வந்த மறுவாரமே எனக்குச் சொன்ன முதல் சட்டம் அதுதான். நான் அதை இன்னிக்கு வரைக்கும் வாய்விட்டு எதிர்த்துப் பேசினதில்லை. அவுக இழந்தது பெருசு.

அதனால சத்தமில்லாம ஆடக் கத்துக்கிட்டேன். கை ஒண்ணோட ஒண்ணு படுறதுக்கு ஒரு விரக்கடை முன்னாடி நிக்கும். கால் பூனைக்கால். சிமென்ட்ல ஓங்கி மிதிக்காதீங்கன்னு மேல எழுதினேனே, அது நான் யாருகிட்டயும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்லை. அயித்தை முழிச்சிரக் கூடாதேன்னு பழகினது.

மே 4

நேத்து எழுதினப்புறம் உத்தரகோசமங்கை நடராசர் ஞாபகம் வந்துச்சு. அங்க இருக்கிறது மரகதம். வருஷம் பூரா சந்தனம் பூசித்தான் வச்சிருப்பாங்க, மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவாங்க. "மத்தளம் முழங்க மரகதம் உடைபடும்"னு எங்க பக்கம் சொல்லுவாங்க. மேளச்சத்தத்துல கல் அதிர்ந்துரக் கூடாதுன்னுதான் சந்தனக்காப்புன்னு எங்க அப்பத்தா சொல்லும். ஆடுற சாமிக்கே சத்தம் ஆகாது. சின்னப்பிள்ளையா இருக்கையில அதைக் கேட்டு அவ்வளவு வருத்தப்பட்டிருக்கேன். இப்ப ராத்திரி செம்பைச் சுத்துறப்ப அதை நினைச்சுக்குவேன், துணையா இருக்கும்.

மே 11

ஒரு தப்பு சொல்லிட்டேன். இங்க எழுதலை, நேர்ல பக்கத்து வீட்டு மதினிங்க ரெண்டு பேருக்குச் சொன்னேன். ஆனா நீங்களும் செய்வீங்க, அதனால இங்க போடுறேன்.

சிமென்ட்தானே வலி, மணல்ல ஆடுவோம்னு தெற்குக் கடலுக்குப் போனோம். காஞ்ச மணல்ல கால் புதையுது, எட்டு வைக்க முடியலை. அலை நனைச்சிட்டுப் போன ஈர மணல் பலகை மாதிரி கெட்டியா இருந்துச்சு. அருமையா இருக்குன்னு அங்கேயே வரிசையா நின்னு, கடலை வலப்பக்கம் வச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் ஆடினோம். மறுநாள் எனக்கு வலது கணுக்கால் வெளிப்பக்கம் வீங்கிருச்சு. ஒரு மதினிக்கு இடது இடுப்பு.

வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சுச் சொன்னார். கரை சமம் கிடையாது, கடலைப் பார்த்துச் சரிஞ்சுதான் இருக்கும். கடல் பக்கத்துக் கால் கீழ, கரை பக்கத்துக் கால் மேல. முக்கால் மணி நேரம் ஒரே பக்கமா நின்னா ஒரு காலு குட்டைக்காலாவே ஆடுது. ஆடணும்னா ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் திசையை மாத்தணும், இல்லேன்னா வட்டமாச் சுத்தணும். வட்டத்துல ரெண்டு காலுக்கும் ஏத்தமும் இறக்கமும் மாறி மாறி வரும். நம்ம பாட்டிங்க வரிசையா நிக்காம வட்டமாச் சுத்தினாங்களேன்னு அன்னிக்குத்தான் உறைச்சுச்சு.

மூணு நாள் ஆடலை. வீக்கம் வத்தினதும் தொடங்கினேன். வலிக்கிறப்ப ஆடாதீங்க. தசை கடுக்கிறது வேற, அது ரெண்டு நாள்ல போயிரும். மூட்டுல ஒரு இடத்துல ஊசி குத்துற மாதிரி இருந்தா நிறுத்திருங்க.

மே 12

சாயல்குடி அண்ணன் கேட்டது நல்ல கேள்வி: கும்மி உடற்பயிற்சிக்கு ஆகுமா? நான் "தாராளமா"ன்னு பதில் சொல்லிட்டேன். ராத்திரி யோசிச்சப்ப அது முழுசும் சரியில்லைன்னு பட்டுச்சு.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு வேணும்னு சொல்லுது. மிதம்னா எவ்வளவுன்னு பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பேச முடியணும், பாட முடியக் கூடாது. கும்மியோ பாடிக்கிட்டே ஆடுறது! அப்ப நிதானக் கும்மி அந்தக் கணக்குல கொஞ்சம் குறைவுதான். பாட்டு மூச்சுல உடைஞ்சு உடைஞ்சு வர்ற வரைக்கும் வேகத்தைக் கூட்டணும். முளைக்கொட்டுல கடைசிச் சுத்துக்கு வேகம் ஏறி, பாட்டு நின்னு, குலவை மட்டும் கேக்கும் பாருங்க, அந்த இடம்.

நாளைக்கு 25 நிமிஷம், வாரத்துல ஆறு நாள். கணக்கு சரியாப் போச்சு.

மே 22

தடைக்காலம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். போட்டை ஏத்தி வச்சு பெயின்ட் அடிக்கிறாங்க. வீட்டுக்காரர் பகல்ல அங்க, பொழுது சாஞ்சா வீட்டுல. கடல்ல ஆளு இல்லாததால அயித்தையும் ஒண்ணும் சொல்றதில்லை. இந்த ரெண்டு மாசம்தான் எங்க வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்கும்.

வீட்டுக்காரர் சின்னவயசுல ஒயிலாட்டம் ஆடினவுக. எனக்கு அது தெரியும், ஆனா ஆடிப் பார்த்ததில்லை. நேத்து நான் கூடத்துல ஆடிக்கிட்டு இருக்கையில வாசப்படியில நின்னு பார்த்துட்டு, "முட்டியை ஏன் விறைக்கிற"ன்னாக. நான் விறைக்கலைன்னேன். வந்து முன்னாடி நின்னாக.

"படகு ஆடும்ல, அதுல முட்டியை நட்டக்குத்தலா வச்சு நின்னா தூக்கிப் போட்டுரும். முட்டி ரெண்டும் லேசா விட்டே இருக்கணும். பாரம் முன்பாதத்துல. ஆட்டம் வந்தா முட்டி வாங்கிக்கும், தலை அப்படியே இருக்கும்." சொல்லிட்டு நின்ன இடத்துல ஆடிக் காட்டினாக. தோள்ல கிடந்த துண்டை எடுத்து ஒரு முனையை விரல்ல பிடிச்சு ஒயிலுக்கு வீசினாக. கால் ரெண்டு முன்ன, ஒண்ணு பின்ன, அரைத் திருப்பு. நெத்தி ஒரு இம்மி ஏறலை, இறங்கலை. கீழ முட்டி மட்டும் வாங்கி வாங்கிக் கொடுத்துச்சு. முப்பது வருஷம் ஆடுற பலகையில நின்ன காலு. பார்த்துக்கிட்டே இருந்தேன்.

குரு இல்லைன்னு முதல் நாள் எழுதினேன். இருந்திருக்காக, வீட்டுக்குள்ளேயே. கேக்கத்தான் இல்லை.

இப்ப தினமும் ஒயில். மெதுவாத் தொடங்கி, போகப் போக வேகம் கூடும். முன்னாடி ஆம்பளைங்க மட்டும் வரிசை கட்டி ஆடினது, இப்ப பொண்ணுங்களும் ஆடுறாங்க. துண்டு கையில இருந்தா கை எங்க வைக்கிறதுன்னு தவிக்க வேணாம், கூச்சப்படுறவங்களுக்கு நல்ல ஆட்டம். தொண்டிக்காரங்க கட்டாயம் முயற்சி பண்ணுங்க.

ஜூன் 1

"ஒரு மாசமா ஆடுறேன். உற்சாகமா இருக்கு, ஆனா கவலை அப்படியேதான் இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் எனக்குச் சங்கடமாப் போச்சு. ஆடினா கவலை ஓடிரும்ங்கிற மாதிரி நான்தான் எழுதிட்டேன்.

ஓடாது. எனக்கும் ஓடலை. எம் புருசன் கடல்ல இருக்கிற ராத்திரி நான் ஆடினா, அவர் கரைக்கு வந்துருவாரா? நடக்கிறது இதுதான்: கவலை நெஞ்சுல ஒரே இடத்துல கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆடுறப்ப அது உடம்பு பூரா பரவி வேர்வையாப் போகும். மூச்சு முதல்ல வாங்கும், அப்புறம் தானா நீளும். அந்த நீள மூச்சுல படுத்தா ரெண்டு மணி நேரம் தூக்கம் கிடைக்கும். விடிஞ்சதும் கவலை பழையபடி வந்து உட்காரும். ஆனா தூங்கி எந்திரிச்சவளா அதைப் பார்க்கலாம்.

உங்களுக்கு நேரம் இடிக்குதோன்னு தோணுது. ராத்திரி பத்தரைக்கு வேகமான பாட்டுக்கு ஆடினா உடம்பு சூடேறி இன்னும் முழிச்சிக்கும். வேலை விட்டு வந்ததும் சாயங்காலமே வேக ஆட்டத்தை முடிச்சிருங்க. படுக்கப் போறப்ப நிதானக் கும்மி பத்து சுத்து, போதும். வெக்கையில ஆடினா மோரோ நீராகாரமோ பக்கத்துல இருக்கணும்.

அப்படியும் வாரக்கணக்குல தூக்கம் இல்லை, எதுலயும் மனசு ஒட்டலைன்னா டாக்டரைப் பாருங்க. ஆடுறதை விடாம பாருங்க. அதுக்கு வெக்கப்பட ஒண்ணுமில்லை.

ஜூன் 10

சும்மா ஒண்ணு. 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்தப்புறம் ராமேசுவரம் ரயில் திரும்ப ஓடுது. 2022 டிசம்பர்ல நின்னது. ரெண்டு வருஷத்துக்கு மேல எங்க வீட்டு ராத்திரியில அந்தச் சத்தம் இல்லாமப் போயிருந்துச்சு. நான் ஆடத் தொடங்கினதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே நின்னுபோச்சு, அதனால ரயில் தாளத்துக்கு ஆடினதே இல்லை. இப்ப பாலத்துக்கு முன்னாடி வேகம் குறைஞ்சு வர்றப்ப சக்கரம் போடுற கணக்கு கும்மிக்கு அப்படிப் பொருந்துது. அயித்தை அதைப் பாட்டுன்னு சொல்ல முடியாதே.

ஜூன் 17

நேத்து திங்கக்கிழமை வீட்டுக்காரர் கடலுக்குப் போயிட்டாக. 61 நாள் கழிச்சு முதல் தடவை. காலையில கரை பூரா டீசல் வாசம், ஐஸ் உடைக்கிற சத்தம். சாயங்காலம் வீடு ஓன்னு இருந்துச்சு. கச்சான் காத்து வேற விடாம அடிச்சுது. பாட்டுப் பெட்டியை நானே எடுத்து மேல வச்சிட்டேன்.

பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சேன். வழக்கமா முதல்ல தரையைத் துடைக்கணும். விளக்கு போடாம துணியைத் தேடிக் கையை நீட்டினா கொடியில துணி இல்லை. குனிஞ்சு தரையைத் தொட்டுப் பார்த்தேன், காஞ்சு கிடந்துச்சு. இந்தக் காத்துக்குத் தரை அப்படி இருக்காது. அயித்தையோட கட்டில் கூடத்து நடுவுல கிடக்கும், நான் ஓரத்துலதான் சுத்துவேன். அது சுவத்தோட ஒட்டிக் கிடந்துச்சு. அவுக சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாக. தூங்கலை, மூச்சுலயே தெரிஞ்சுச்சு. துணி கட்டில் காலடியில ஈரமாக் கிடந்துச்சு.

நான் ஒண்ணும் பேசலை. செம்பை எடுத்து நடுவுல வச்சேன்.

ஜூன் 18

ரெண்டு பேர் கேட்டதுக்குப் பதில்: நேத்து வெள்ளன நல்லபடியாக் கரைக்கு வந்துட்டாக. இன்னிக்குப் புதன், மறுபடி போயிருக்காக.

தொண்டிக்கு: குதிகால் வலி காலையில முதல் எட்டு வைக்கிறப்ப மட்டும்னு சொல்றீங்க. கட்டில்லேர்ந்து இறங்குறதுக்கு முன்னாடியே துண்டை முன்பாதத்துல மாட்டி உங்க பக்கமா மெதுவா இழுத்துப் பிடிங்க, முப்பது எண்ணுங்க, மூணு தரம். ஒரு வாரம் குதிக்கிற ஆட்டம் வேணாம். ஒயில் துண்டுதான், அதையே எடுத்துக்கோங்க.